அமெச்சூர் வானொலியாளர்களின் பாதுகாவலர் புனித மாக்ஸிமிலியன் கோல்பே



ஆகஸ்டு 14ஆம் நாள், அன்னை மரியாவின் விண்ணேற்புப் பெருவிழாவுக்கு முந்திய நாள், திருச்சபை புனித மாக்ஸிமிலியன் மரிய கோல்பேயை நினைவுகூருகிறது. மறையுரைகளில் அவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம், ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் முன்பின் அறியாத ஒரு மனிதருக்காக அவர் உயிரைக் கொடுத்ததையே நாம் சொல்லி வருகிறோம். சொல்ல வேண்டியதுதான். ஆனால் அவருடைய வாழ்வில் நம் மக்கள் அதிகம் கேள்விப்படாத ஒரு பகுதியும் உண்டு. உலகின் பல நாடுகளில் அமெச்சூர் வானொலி நடத்துகிறவர்கள், அதாவது 'ஹாம்' என்று அழைக்கப்படுகிறவர்கள், இந்தப் புனிதரைத் தங்கள் பாதுகாவலராகப் போற்றுகிறார்கள். வெள்ளம், புயல், நிலநடுக்கம் என்று வந்து தொலைபேசிகள் எல்லாம் ஊமையாகிப் போகும்போது, சம்பளம் இல்லாமல் செய்தி கொண்டு சேர்க்கிறவர்கள் இவர்கள். ஒரு பிரான்சிஸ்கன் துறவிக்கும் இவர்களுக்கும் என்ன தொடர்பு?

இந்தக் கேள்வி நம் பகுதிக்குத் தூரமானதல்ல. பாலாறு பல ஆண்டுகள் வெறும் மணலாகவே கிடக்கிறது. தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் கழிவு பற்றித்தான் அதைக் குறித்து நாம் பேசுகிறோமே தவிர, அது வெள்ளம் கொண்டுவரும் ஆறு என்பதை ஏறக்குறைய மறந்தே போனோம். 2021 நவம்பரில் அது தன்னை நினைவுபடுத்தியது. வாலாஜா அருகே உள்ள பாலாற்று அணைக்கட்டில் வினாடிக்கு ஒரு லட்சம் கன அடி அளவுக்கு வெள்ளம் வந்தது. அந்த அணைக்கட்டுக் கால்வாயை நம்பி இருப்பதுதான் தமிழகத்தின் மிகப் பெரிய ஏரிகளுள் ஒன்றான நமது காவேரிப்பாக்கம் ஏரி. அதற்கும் முன்பு, 1903 நவம்பரில் இதே பாலாறு வாணியம்பாடியைச் சூறையாடியது. அந்த வெள்ளத்தில் இறந்தவர்களுக்கான நினைவுத்தூண் இன்றும் அந்த ஊரில் நிற்கிறது.

இப்போது கைப்பேசி இல்லாத வீடு இல்லை. எனவே அந்தக் காலம் போல் ஆகாது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் கைப்பேசிக் கோபுரம் மின்சாரத்தால் இயங்குகிறது. மின்சாரம் நின்றால் சில மணி நேரம் பேட்டரியும், டீசல் தீரும்வரை ஜெனரேட்டரும் தாங்கும். கோபுரத்துக்குச் செல்லும் கண்ணாடி இழைக் கம்பி ஒரு பாலத்தோடு சேர்ந்து அறுந்துபோனால் கோபுரம் நின்றும் பயனில்லை. இவையெல்லாம் தப்பினாலும், ஊரே ஒரே நேரத்தில் போன் செய்தால் யாருக்கும் இணைப்பு கிடைக்காது. எங்கே படகு வேண்டும், எங்கே மருந்து வேண்டும் என்பது அங்கே சிக்கியவர்களுக்குத் தெரியும். படகும் மருந்தும் வைத்திருப்பவர்களுக்குத் தெரியாது. இந்த இடைவெளியில், ஒரு கார் பேட்டரியும், இரண்டு மரங்களுக்கு நடுவே கட்டிய கம்பியும், மேசைமேல் வைக்கக்கூடிய ஒரு பெட்டியுமாக உட்கார்ந்திருப்பவர்தான் ஹாம் வானொலியாளர்.

சரி, இனி புனிதருக்கு வருவோம்.

1894 ஜனவரி 8 அன்று போலந்தின் ஸ்துன்ஸ்கா வோலா என்னும் ஊரில் அவர் பிறந்தார். அன்று அந்தப் பகுதி ரஷ்யப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. பெற்றோர் இட்ட பெயர் ரேமண்ட். தந்தை யூலியுஸ், தாய் மரியா. இருவரும் நெசவாளர்கள், குடும்பம் வறுமையானது. நம் குடியாத்தம், ஆரணிப் பக்கத்துத் தறிக்காரக் குடும்பங்களை அறிந்தவர்களுக்கு அந்த வீட்டின் நிலையை அதிகம் விளக்க வேண்டியதில்லை. சிறுவனுக்கு ஏறக்குறைய பன்னிரண்டு வயதாக இருக்கும்போது, அன்னை மரியா வெள்ளை, சிவப்பு என இரண்டு மகுடங்களைக் காட்டியதாகவும், தூய்மையைக் குறிக்கும் வெள்ளையையும் மறைசாட்சியத்தைக் குறிக்கும் சிவப்பையும் தான் சேர்த்தே கேட்டதாகவும் அவர் தாயிடம் சொன்னார். அவர் இறந்த பிறகு தாய்தான் இதை வெளிப்படுத்தினார்.

1907இல் அண்ணனோடு சேர்ந்து, இன்று உக்ரைன் நாட்டில் உள்ள லிவிவ் நகரில், கன்வென்ச்சுவல் பிரான்சிஸ்கன் சபையின் சிறுமடத்தில் சேர்ந்தார். 1910இல் நவதுறவியானபோது மாக்ஸிமிலியன் என்ற பெயரைப் பெற்றார். கணக்கிலும் இயற்பியலிலும் அவருக்கு அபாரமான ஈடுபாடு. 1912இல் ரோமைக்கு அனுப்பப்பட்டு மெய்யியல், இறையியல் இரண்டிலும் முனைவர் பட்டம் பெற்ற அதே காலத்தில், பூமியைத் தாண்டி விண்வெளிக்குப் போகும் ஊர்தி ஒன்றுக்கு வரைபடம் போட்டு வைத்திருந்தார் என்றால் பாருங்கள்! விமானமே புதுமையாக இருந்த நாட்கள் அவை. குருமடத்தில் மெய்யியல் படித்த நமக்கெல்லாம் அந்த மாதிரி யோசனை எதுவும் வந்ததில்லை.

1917 அக்டோபர் 16 அன்று, ஆறு சகோதரர்களோடு சேர்ந்து 'அமல உற்பவியின் படை' என்ற இயக்கத்தைத் தொடங்கினார். 1918 ஏப்ரல் 28 அன்று ரோமையில் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். அடுத்த ஆண்டு போலந்து திரும்பியபோது அவருடன் காசநோயும் வந்தது. அந்நாளில் அதற்கு மருந்து கிடையாது. ஜாகோபானே என்னும் மலை ஊரில் நெடுநாள் சிகிச்சை பெற்றார். நுரையீரல் அதன் பிறகு ஒருபோதும் முழுமையாகத் தேறவில்லை. இனி வருகிற அனைத்தையும் அவர் அந்த நுரையீரலோடுதான் செய்தார்.

1922 ஜனவரியில் 'அமல அன்னையின் வீரர்' என்ற மாத இதழை 5,000 பிரதிகளுடன் தொடங்கினார். அச்சகத்துக்குக் கொடுக்கப் பணமில்லை. எனவே பழைய அச்சு இயந்திரம் ஒன்றை வாங்கி, துறவிகளே இரவும் பகலும் சுற்றினார்கள். 1927இல் இளவரசர் ஒருவர் வார்சாவுக்கு மேற்கே சுமார் 40 கிலோமீட்டர் தொலைவில் நிலம் தந்தார். அங்கே எழுந்ததுதான் நியெபோகலானுவ். அமல அன்னையின் நகர் என்று பொருள். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அங்கே எழுநூறுக்கும் அதிகமான துறவிகள் இருந்தனர். உலகிலேயே மிகப் பெரிய ஆண்கள் துறவற இல்லங்களில் ஒன்று அது. தச்சுவேலை, மின்வேலை, இயந்திரப் பழுது, தையல் எல்லாம் அவர்களுடைய கைகளாலேயே நடந்தன. 1931இல் துறவிகளே ஒரு தன்னார்வத் தீயணைப்புப் படையையும் அமைத்தார்கள். மடத்துக்கு மட்டுமல்ல, சுற்றுவட்டாரக் கிராமங்களில் தீப்பிடித்தாலும் அங்கியை மாற்றிக்கொண்டு ஓடுகிற படை. அவரை வெறும் பத்திரிகைத் துறவியாக மட்டும் பார்க்கிறவர்கள் இந்தத் தீயணைப்பு வண்டியையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

1935இல் ஒரு நாளேடும் தொடங்கப்பட்டது. இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். அன்றைய போலந்துப் பத்திரிகைகள் பலவற்றைப் போலவே, அந்த நாளேட்டிலும் யூதர்களுக்கு எதிரான கட்டுரைகள் வந்தன. வரலாற்று ஆசிரியர்கள் இதைச் சுட்டிக்காட்டி வருகிறார்கள். புனிதரின் பெயர் சம்பந்தப்பட்டது என்பதற்காக நாம் அதைப் பூசி மெழுகத் தேவையில்லை. அதே மடத்தின் கதவு 1939இல் யாருக்கெல்லாம் திறந்தது என்பதையும் சற்றுப் பின்னால் பார்ப்போம்.

1930 ஏப்ரலில், ஜப்பானிய மொழியில் ஒரு வார்த்தை தெரியாமல், நான்கு சகோதரர்களோடு நாகசாகி துறைமுகத்தில் இறங்கினார். ஒரே மாதத்தில் ஜப்பானிய மொழியில் இதழ் வெளிவந்தது. மடம் கட்ட நகரின் மையத்தை விட்டு ஒதுங்கிய மலைச்சரிவு ஒன்றை அவர் தேர்ந்தெடுத்தார். 1945 ஆகஸ்டு 9 அன்று அணுகுண்டு விழுந்தபோது, நடுவே மலை இருந்ததால் அந்த மடம் அழியாமல் தப்பியது. பெற்றோரை இழந்த குழந்தைகளுக்கு அது அடைக்கலமாயிற்று.

நம்மில் பலர் அறியாத இன்னொரு செய்தி: 1932இல் இவர் இந்தியாவுக்கு வந்தார். ஜப்பானிலிருந்து கப்பலில் புறப்பட்டு, கேரளத்தின் எர்ணாகுளம் சேர்ந்து, இங்கும் ஒரு நியெபோகலானுவ் அமைக்க அனுமதி கேட்டார். அனுமதியும் கிடைத்தது. ஆனால் ஆள்பலம் இன்மையால் அந்த முயற்சி நிலைக்கவில்லை. நிலைத்திருந்தால் தமிழிலும் மலையாளத்திலும் அந்த இதழ் வந்திருக்கலாம். நம் தென்னிந்தியத் திருச்சபையில் ஒரு வானொலிக் கோபுரமும் நின்றிருக்கலாம்.

ஏனென்றால், 1936இல் போலந்து திரும்பி நியெபோகலானுவின் தலைவரானபோது அவர் மனம் முழுவதும் வானொலியில் இருந்தது. காகிதம் எல்லையில் நிற்கும், அலை நிற்காது என்பதை அவர் புரிந்துகொண்டிருந்தார். சிற்றலைகள் பூமியின் வளைவைத் தாண்டி நேராகச் செல்ல முடியாவிட்டாலும், வானத்தில் நூறு கிலோமீட்டருக்கு மேல் உள்ள அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, கண்டம் விட்டுக் கண்டம் போய் இறங்கும். ஒரு மேசைவிளக்கு அளவு மின்சாரம் போதும். இயற்பியல் பிரியரான அந்தத் துறவிக்கு இது எவ்வளவு மகிழ்ச்சி தந்திருக்கும்! 1938 டிசம்பர் 8, அமல உற்பவி அன்னையின் பெருவிழாவன்று, நியெபோகலானுவ் வானொலி முதன்முதலாக ஒலித்தது. அதன் அழைப்புக்குறி எஸ்.பி.3 ஆர்.என். எஸ்.பி. என்பது போலந்தைக் குறிக்கிறது, ஆர்.என். என்பது 'ரேடியோ நியெபோகலானுவ்'. உலகின் ஹாம்கள் தங்கள் பாதுகாவலரின் அழைப்புக்குறியாக இதையே மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள்.

கண்டிப்பாகப் பேசினால், அவர் விரும்பியது ஆயிரம் பேர் கேட்கும் ஒலிபரப்பு. ஹாம்கள் செய்வதோ ஒருவரோடு ஒருவர் பேசுவது. இரண்டும் ஒன்றல்ல. ஆயினும் அந்தக் குழுவினர் அவரைத் தங்களவராக ஏற்றுக்கொண்டதில் நமக்கு வியப்பில்லை. ஒலிபெருக்கியும் கருவியும் தெரிந்த, அதைத் தனக்கென்று வைத்துக்கொள்ளாத ஒரு புனிதர் வேறு யார் இருக்கிறார்?

அமெச்சூர் என்ற சொல்லை நாம் பொதுவாக அரைகுறையாகக் கற்றவர் என்ற பொருளில் பயன்படுத்துகிறோம். அதன் இலத்தீன் வேர் அன்பு செய்பவர் என்பது. பணத்துக்காக அல்லாமல், ஒன்றின் மீதுள்ள அன்பினால் அதைச் செய்கிறவர். ஹாம் வானொலியில் இது வெறும் சொல்விளக்கம் அல்ல, சட்டம். நம் நாட்டில் அரசு நடத்தும் தேர்வில் தேறி உரிமம் பெற வேண்டும். இந்திய நிலையங்களின் அழைப்புக்குறி வி.யு. என்று தொடங்கும். அந்த அலைவரிசையில் வியாபாரம் பேசக்கூடாது. ஒரு செய்தியைக் கொண்டு சேர்க்க ஒரு ரூபாய் கூடக் கூலி வாங்கக்கூடாது. கருவி, கம்பி, பேட்டரி, பேரிடர் இடத்துக்குப் போகும் வண்டிச் செலவு பெரும்பாலும் அவரவர் கைப்பணம்.

எஸ்.பி.3 ஆர்.என். நெடுநாள் பேசவில்லை. ஒன்பது மாதங்களுக்குள், 1939 செப்டம்பர் 1 அன்று ஜெர்மனி போலந்துக்குள் புகுந்தது. அருட்தந்தை கோல்பே பெரும்பாலான சகோதரர்களை வீடுகளுக்கு அனுப்பினார். காயமுற்றோருக்கு உதவ செஞ்சிலுவைச் சங்கத்தில் சேரலாம் என்றும் சொன்னார். செப்டம்பர் 19 அன்று எஞ்சியவர்களோடு அவரும் கைதானார். டிசம்பர் 8 அன்று, வானொலி தொடங்கிய அதே விழா நாளில், விடுதலையானார். திரும்பி வந்து பார்த்தபோது மடம் சூறையாடப்பட்டிருந்தது. அச்சகம் முடக்கப்பட்டது, வானொலி மௌனமானது.

அச்சடிக்கவும் முடியாது, பேசவும் முடியாது என்ற நிலையில் அவர் என்ன செய்தார் என்பதுதான் நம் கவனத்துக்குரியது. மேற்குப் போலந்திலிருந்து ஜெர்மானியர் விரட்டியடித்த மக்கள் ஆயிரக்கணக்கில் அங்கே வந்து சேர்ந்தார்கள். அவர்களில் யூதர்கள் பெருந்தொகையினர். துறவிகள் தங்கள் அறைகளையும் ரொட்டியையும் பகிர்ந்துகொண்டனர். மருத்துவ விடுதி நடத்தினர். அச்சு இயந்திரம் ஓட்டியவர்கள் அக்கம்பக்கத்து விவசாயிகளின் கருவிகளையும் கடிகாரங்களையும் பழுது பார்த்துக் கொடுத்தார்கள். எந்த மக்களைப் பற்றித் தங்கள் நாளேட்டில் கசப்பாக எழுதப்பட்டதோ, அவர்களுக்கு அந்த மடத்தின் சமையலறையில் உணவு வந்தது.

போலந்தில் அவருடைய வானொலி நின்றுபோனது. ஆனால் அவரைப் பாதுகாவலராகக் கொண்டவர்கள் பின்னாளில் என்ன செய்தார்கள் என்பதை இங்கே இடையில் சொல்லாவிட்டால், இந்தக் கட்டுரை பாதியாகத்தான் இருக்கும்.

நம் மண்ணுக்கு அருகில் நடந்ததையே எடுத்துக்கொள்வோம். 2004 டிசம்பர் தொடக்கத்தில், தில்லியைச் சேர்ந்த பாரதி பிரசாத் என்ற பெண்மணி, ஹைதராபாத்தில் உள்ள தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தின் குழுவோடு அந்தமானின் போர்ட் பிளேருக்குப் போனார். அந்தமானில் பல ஆண்டுகளாக ஹாம் வானொலிக்கு அனுமதி இல்லை. அரிதாகக் கிடைத்த அனுமதி என்பதால், உலகெங்கும் உள்ள ஹாம்கள் அந்தமானோடு ஒரு முறை பேசிவிட வேண்டும் என்று வரிசையில் நின்றார்கள். ஓட்டல் மாடியில் கம்பி கட்டி, அவர்கள் ஆயிரக்கணக்கானோரோடு பேசினார்கள். அதுவரை அது ஒரு பொழுதுபோக்கு, ஒரு சாதனை முயற்சி.

டிசம்பர் 26 காலையில் நிலம் அதிர்ந்தது. அன்று வேளாங்கண்ணியில் நிகழ்ந்ததை நம் மக்களுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை; திருப்பயணமாக வந்தவர்கள் எத்தனை பேர் கடலோடு போனார்கள்! அந்தமான், நிக்கோபார் தீவுகளிலோ நிலைமை என்ன என்று அறிந்துகொள்ளவே வழியில்லாமல் போனது. தொலைபேசித் தொடர்புகள் அற்றுப்போயின. அந்த நேரத்தில் ஓட்டல் மாடியில் கட்டிய கம்பி அறுந்துபோகாமல் நின்றது. பாரதி பிரசாத் அந்த நொடியோடு தம் சாதனை முயற்சியை நிறுத்திவிட்டு, அதே பெட்டியை அவசரச் செய்தி நிலையமாக மாற்றினார். குழுவின் ஒரு பகுதியினர் மிக மோசமாகச் சிதைந்த கார் நிக்கோபாருக்குப் போய் அங்கிருந்து பேசினார்கள். என்னென்ன பொருள் எங்கே வேண்டும் என்ற அரசுச் செய்திகள் போயின. அவற்றுக்கு இணையாக வேறொரு வகைச் செய்தியும் போனது: இன்னார் உயிரோடு இருக்கிறார், வீட்டில் சொல்லுங்கள் என்பது. நிலப்பகுதியில் இருந்த ஹாம்கள் அதைக் கேட்டு எழுதிக்கொண்டு, அந்தந்தக் குடும்பத்துக்குத் தொலைபேசியில் சொன்னார்கள்.

இலங்கையிலும் அதே நாட்களில் ஹாம்கள் அழிந்து கிடந்த அம்பாந்தோட்டைக்குக் கருவிகளோடு போய், கொழும்பில் பிரதமர் அலுவலகத்தோடு தொடர்பை ஏற்படுத்திக் கொடுத்தார்கள். அதற்கு முன் 1999இல் ஒடிசாவைப் புயல் தாக்கியபோதும், 2001 ஜனவரி 26 அன்று குஜராத்தில் நிலம் நடுங்கியபோதும், பின்னர் 2018இல் கேரளத்தை வெள்ளம் சூழ்ந்தபோதும் இவர்கள் உழைத்தார்கள். பெரிய மாலை மரியாதை எதுவும் அவர்களுக்கு நடந்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை.

நம் குருக்களிலும் இப்படி ஒருவர் இருந்தார். அமெரிக்காவின் சிகாகோவில் பிறந்து, பீகாரில் இருபது ஆண்டுகள் பணியாற்றி, 1951இல் நேபாளத்தின் கோதாவரியில் புனித சவேரியார் பள்ளியைத் தொடங்கிய இயேசு சபைக் குரு மார்ஷல் மோரன். காட்மாண்டுவிலிருந்து பல ஆண்டுகள் நேபாளத்தின் ஒரே வானொலிக் குரலாக ஹாம்களிடையே அவர் அறியப்பட்டார். அவரோடு பேசிய பிறகுதான் நேபாளம் என்ற நாட்டை வரைபடத்தில் தேடிய ஹாம்கள் பலர் இருப்பார்கள். 1992இல் தில்லியில் இறந்தார்.

இவர்கள் வேலையில் இரண்டு பழக்கங்கள் உண்டு. முதலாவது, பேசுவதற்கு முன் கேட்பது. அலைவரிசையில் வேறு யாராவது இருக்கிறாரா என்று கேட்காமல் எந்த ஹாமும் வாயைத் திறக்கக்கூடாது. இரண்டாவது, ஆபத்தில் இருக்கும் ஒருவரின் குரல் மெலிதாகக் கேட்டாலும் மற்ற அனைவரும் உடனே அந்த இடத்தை விட்டுக் கொடுத்துவிட வேண்டும். ஆயிரம் வாட் சக்தி வைத்திருப்பவரும், பெரிய பதவியில் இருப்பவரும், ஐந்து வாட் பேட்டரியில் திணறும் அந்த ஒருவருக்காக விலகி மௌனமாக வேண்டும். கூட்டத்தில் பேச இடம் கிடைத்தால் விடாத நம் சங்கக் கூட்டங்களை நினைத்தால் இது சிறிய காரியமில்லை என்பது புரியும்.

மீண்டும் நியெபோகலானுவுக்கு வருவோம். இதழின் ஒரே ஓர் எண்ணை மட்டும் வெளியிட ஜெர்மானியர் அனுமதித்தார்கள். 1941 பிப்ரவரி 17 அன்று அருட்தந்தை கோல்பே நான்கு குருக்களோடு மீண்டும் கைது செய்யப்பட்டார். வார்சாவின் பாவியாக் சிறையில் சில மாதங்கள். பிறகு மே 28 அன்று ஆஷ்விட்ஸ். அங்கே அவர் பெயர் 16670. காசநோயால் அரித்த நுரையீரலோடு மரக்கட்டைகளைச் சுமந்தார். குரு என்பதற்காகவே அதிகம் அடிபட்டார். கிடைத்த ரொட்டியைப் பகிர்ந்தார். இரவில் பக்கத்துப் படுக்கைக்காரர்களின் ஒப்புரவு அருட்சாதனத்துக்குத் தாழ்ந்த குரலில் செவிகொடுத்தார். ஜூன் 15 அன்று தாய்க்கு ஒரு சிறு கடிதம் எழுத அனுமதி கிடைத்தது. தான் நலமாக இருப்பதாகவும், தன்னைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்றும், கடவுள் எங்கும் இருக்கிறார் என்றும் எழுதினார். நிக்கோபாரிலிருந்து போன செய்திகளைப் போலவே, வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த கடைசிச் சொற்கள் அவை. தாய் மரியா 1946இல் இறந்தார்.

ஜூலை இறுதியில் அவர் இருந்த பகுதியிலிருந்து ஒரு கைதி காணாமல் போனார். அதற்குத் தண்டனையாகப் பத்துப் பேரைப் பட்டினிச் சாவுக்கு அனுப்ப முகாமின் துணைத் தலைவர் ஃபிரிட்ஸ் முடிவு செய்தான். கைதிகள் மணிக்கணக்கில் வெயிலில் வரிசையாக நிறுத்தப்பட்டிருந்தார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட பத்துப் பேரில் ஒருவர் போலந்து இராணுவத்தின் சார்ஜெண்ட் பிரான்சிஸ் கயோவ்னிசெக். மனைவியையும் பிள்ளைகளையும் நினைத்து அவர் வாய்விட்டு அழுதார். வரிசையில் நின்றவர்களில் எத்தனை பேர் அந்தக் குரலைக் கேட்டிருப்பார்கள்! ஒருவர் மட்டும் வரிசையை விட்டு வெளியே வந்தார். அனுமதியின்றி அசைந்தாலே சுடுவார்கள். அவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்று, தாம் ஒரு கத்தோலிக்க குரு என்றும், மனைவி மக்கள் உள்ள அந்த மனிதரின் இடத்தில் தாம் சாக விரும்புவதாகவும் சொன்னார். என்ன காரணமோ, ஃபிரிட்ஸ் அதற்குச் சம்மதித்தான்.

பதினோராம் கட்டடத்தின் நிலவறையில் உணவும் நீரும் இல்லாமல் அந்தப் பத்துப் பேரும் அடைக்கப்பட்டார்கள். அங்கே மொழிபெயர்ப்பாளராக வேலை செய்த ஒரு கைதி பின்னாளில் சாட்சி சொன்னார்: உள்ளேயிருந்து செபமும் பாடலும் கேட்டன, அடுத்தடுத்த அறைகளில் இருந்தவர்களும் அதோடு சேர்ந்துகொண்டார்கள், நாட்கள் செல்லச் செல்லக் குரல்கள் குறைந்தன. இரண்டு வாரங்களுக்குப் பிறகும் நால்வர் உயிரோடு இருந்தனர். 1941 ஆகஸ்டு 14 அன்று அவர்களுக்கு ஃபீனால் ஊசி போடப்பட்டது. கோல்பே தாமே இடது கையை நீட்டினார். மறுநாள், அன்னையின் விண்ணேற்பு விழாவன்று, அவருடைய உடல் எரிக்கப்பட்டது. வயது நாற்பத்தேழு.

திருத்தந்தை ஆறாம் பவுல் 1971 அக்டோபர் 17 அன்று அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார். 1982 அக்டோபர் 10 அன்று அவருடைய நாட்டவரான திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், அவரை மறைசாட்சியாகவே அறிவித்துப் புனிதர் நிலைக்கு உயர்த்தினார். இரண்டு விழாக்களிலும் கயோவ்னிசெக் இருந்தார். போர் முடிந்து மனைவியிடம் அவர் திரும்ப முடிந்தது. ஆனால் பிள்ளைகள் இருவரும் போரின் இறுதியில் குண்டுவீச்சில் இறந்துவிட்டிருந்தார்கள். அந்தத் துயரத்தோடு மீதமிருந்த ஐம்பது ஆண்டுகளையும் வாழ்ந்து, கேட்டவர்களுக்கெல்லாம் தமக்காக இறந்தவரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். 1995இல் தமது 93ஆம் வயதில் அவர் காலமானபோது நியெபோகலானுவிலேயே, துறவிகளின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். துறவிகளின் தீயணைப்புப் படை இன்றும் அங்கே இயங்கி வருகிறது.